கடலூர் பின்கோடு 607001: ஒரு பெரிய எண்ணை நோட்டும் பேனாவுமாக அலசுவது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தின் பின்கோடு 607001. கெடிலம் ஆற்றைத் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர், 607002. அதற்கும் தெற்கே முதுநகர், 607003. கவரிலும் வங்கிப் படிவத்திலும் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போகிற எண்கள். போன கோடை விடுமுறையில் ஒரு மதியம் என் அண்ணன் மகள் இந்த மூன்றையும் ரஃப் நோட்டில் எழுதி வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நடுவுல இருக்கிறது நிறைய நம்பரால போகுது. ரெண்டு பக்கத்துல இருக்கிறதும் எதாலயும் போக மாட்டேங்குது. நான் தப்பா போடுறனா?"

அவள் தப்பாகப் போடவில்லை. அன்று மாலை முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த மூன்று எண்களையும் அடிவரை தோண்டினோம். அப்படித் தோண்டுவதை முதல்முறை செய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறு இலக்க எண் ஒன்றை எடுத்து, அது பகா எண்ணா பகு எண்ணா, எத்தனை வகுத்திகள், வேறு என்ன குணங்கள் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு நோட்டு, சாதாரணக் கால்குலேட்டர், பள்ளியில் படித்த வகுத்தல், இவ்வளவு போதும். இணையத்தில் எண்ணைத் தட்டினால் ஒரு வினாடியில் பதில் வந்துவிடும், உண்மைதான். ஆனால் பதில் ஏன் அப்படி என்பது வகுத்துப் பார்த்த கைக்குத்தான் தெரியும்.

எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் வீட்டுப் பின்கோடையே எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய எண் என்றால் பாதியில் விட மனசு வராது. இந்தக் குறியீட்டு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. உருவாக்கியவர் அஞ்சல் துறை அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும்: கடலூர்ப் பக்கம் 607, புதுச்சேரி 605. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு. அதாவது இந்த எண்ணை உருவாக்கியபோது யாரும் பகா எண்ணைப் பற்றி நினைத்திருக்கப் போவதில்லை. அதனால்தான் இதில் கிடைப்பது எல்லாம் எண்ணின் சொந்தச் சரக்கு.

முதலில் எண்ணை வார்த்தையில் எழுதிவிடுங்கள்: ஆறு லட்சத்து ஏழாயிரத்து ஒன்று. பூஜ்யங்கள் உள்ள எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போவது சுலபம். 67001 என்று எழுதி ஒரு மணி நேரம் வகுத்தால் அந்த ஒரு மணி நேரமும் வீண்.

எங்கே நிறுத்தலாம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது இங்கேதான். ஆறு லட்சத்துக்கும் மேலே உள்ள எண்ணை ஆறு லட்சம் எண்களாலும் வகுக்க வேண்டுமா? வேண்டாம். வகுத்திகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். 607001 ஒரு பெருக்கலாக உடைந்தால், அந்த இரண்டில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீரும். இரண்டுமே அதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்குத்தொகை எண்ணைத் தாண்டிவிடும் அல்லவா?

779 × 779 = 606841. 780 × 780 = 608400. ஆக எல்லை 779. நம்முடைய மூன்று எண்களுக்கும் இதே எல்லைதான். அதற்குள்ளும் எல்லா எண்களும் தேவையில்லை, பகா எண்கள் மட்டும் போதும். 2-ஆல் போகாத எண் 4-ஆல் எப்படிப் போகும்? 779 வரை உள்ள பகா எண்கள் 137. கடைசியாக நிற்பது 773.

அந்தப் பட்டியலையும் நீங்களே தயாரித்துவிடலாம். 2 முதல் 779 வரை கட்டம் போட்டு எழுதி, 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை எல்லாம் அடியுங்கள், பிறகு 3-ன் மடங்குகள், பிறகு 5, 7, 11 என்று போங்கள். எரடோஸ்தனிஸ் சல்லடை என்று ஆறாம் வகுப்பில் படித்தது இதுதான். 23-ன் மடங்குகளை அடித்ததும் நிறுத்திவிடலாம். அடுத்த பகா எண் 29, அதன் வர்க்கம் 841, நம் பட்டியலைத் தாண்டிவிட்டது. அடிபடாமல் நிற்பவை எல்லாம் பகா எண்கள்.

ஒரு எச்சரிக்கை. பகா எண் மாதிரியே முகம் காட்டும் சில எண்கள் உண்டு. 91 என்பது 7 × 13. 119 என்பது 7 × 17. 221 என்பது 13 × 17. 323, 391, 437, 527, 667, 713 எல்லாம் இந்த ரகம். நம் எல்லையான 779-ம் அப்படித்தான், 19 × 41. சல்லடையைப் பொறுமையாகப் போட்டவர்களிடம் இவை தப்பாது. ஞாபகத்திலிருந்து எழுதுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

வகுக்காமலே தெரிவது

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 1, 2, 3. ஆக நடு எண் மட்டும் இரட்டைப்படை, எதுவும் 5-ஆல் போகாது. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 14, 15, 16. நடு எண் 3-ஆல் போகும், மற்ற இரண்டும் போகாது.

அடுத்து 7, 11, 13. பள்ளியில் இவற்றுக்குத் தனித்தனி விதி சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கு ஒன்றும் நினைவில் நின்றதில்லை. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, பின்பாதிக்கும் முன்பாதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 607001 என்றால் 607, 001. வித்தியாசம் 606. இந்த 606 எதால் போகிறதோ, 7, 11, 13-ஐப் பொறுத்தவரை முழு எண்ணும் அதால்தான் போகும். காரணம் ரொம்ப எளிது: 607 × 1001 = 607607. அதிலிருந்து 606-ஐக் கழித்தால் 607001. 607607 மூன்றாலும் போகும் என்பதால், மீதிக் கதை 606-ன் கையில் இருக்கிறது.

606-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4. 11-ஆல் வகுத்தால் 1. 13-ஆல் வகுத்தால் 8. ஆக 607001 இந்த மூன்றாலும் போகாது. 607002-க்கு வித்தியாசம் 605. 605 என்பது 5 × 11 × 11. ஆகவே 607002 பதினொன்றால் போகும். 607003-க்கு 604, அது 7, 11, 13 எதாலும் போகாது. ஆறு லட்சத்தோடு மல்லுக்கட்டாமல் அறுநூற்றுச் சொச்சத்தோடு வேலை முடிந்துவிட்டது. ஆறு இலக்க எண்ணுக்கு இதைவிட உபயோகமான ஒரு வித்தை எனக்குத் தெரியாது.

இதே குடும்பத்தில் இன்னொன்று: 27 × 37 = 999. இரண்டு பாதிகளையும் கழிக்காமல் கூட்டினால் 37-க்கான சோதனை. 607 + 1 = 608, 37-ஆல் வகுத்தால் மீதி 16. மற்ற இரண்டுக்கும் மீதி 17, 18. மூன்றும் போகாது.

நடு எண்ணை முதலில் உடையுங்கள்

மூன்றில் எது சுலபமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். 607002-க்கு ஏற்கெனவே 2, 3, 11 மூன்றும் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே வாருங்கள்.

607002 ÷ 2 = 303501
303501 ÷ 3 = 101167
101167 ÷ 11 = 9197

இங்கே நின்று கவனியுங்கள். எண் சுருங்கிவிட்டது. 9197-ன் வர்க்கமூலம் 96-க்குக் கொஞ்சம் கீழே. ஆகவே 779 வரை போகிற வேலையே இனி கிடையாது, 89 வரை பார்த்தால் போதும். ஒரு காரணி கிடைத்தவுடன் எல்லையைத் திருத்தி எழுதுவது முக்கியம். இதை மறந்துவிட்டுப் பழைய எல்லை வரை வகுத்துக்கொண்டே போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

9197 ஏழால் போகாது, பதின்மூன்றால் போகாது. பதினேழால்? 17 × 541 = 9197. போகிறது. மிச்சம் 541. அதன் வர்க்கமூலம் 23.2 சொச்சம். 23 வரை வகுத்துப் பார்த்தால் எதுவும் ஒட்டவில்லை. 541 பகா எண். பட்டியலில் எண்ணிப் பாருங்கள், சரியாக நூறாவது பகா எண் அதுதான்.

607002 = 2 × 3 × 11 × 17 × 541

சரிபார்க்காமல் அடுத்ததுக்குப் போகக்கூடாது. திரும்பப் பெருக்கிப் பார்க்கலாம், அல்லது தாத்தா காலத்து ஒன்பது கழிக்கும் முறையில் பார்க்கலாம். ஒவ்வொரு காரணியின் இலக்கங்களையும் ஓரிலக்கமாகும் வரை கூட்டுங்கள்: 2, 3, 2, 8, 1. இவற்றைப் பெருக்கினால் 96; 9 + 6 = 15; 1 + 5 = 6. எண்ணின் இலக்கக் கூட்டல் 15, அதுவும் 6. ஒத்துப்போகிறது. இது பொருந்தினால் சரி என்று நிரூபணம் ஆகிவிடாது, ஆனால் பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு என்பது நிச்சயம்.

காரணிகள் கிடைத்துவிட்டால் மற்ற குணங்கள் தாமாக வரும். ஐந்து பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒரு வகுத்தியை உருவாக்கும்போது ஒவ்வொரு காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், அதாவது இரண்டு வழி. 2 × 2 × 2 × 2 × 2 = 32 வகுத்திகள். அந்த 32-ஐயும் எழுதிக் கூட்டவும் வேண்டாம். ஒவ்வொரு காரணியோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 4 × 12 × 18 × 542 = 1404864. இதுதான் எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 797862. தன்னைவிடச் சிறிய வகுத்திகளின் கூட்டலே தன்னைத் தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்டவற்றை மிகை எண் என்பார்கள்.

ஒவ்வொரு காரணியிலிருந்தும் 1 கழித்துப் பெருக்கினால் வேறொரு தகவல்: 1 × 2 × 10 × 16 × 540 = 172800. ஒன்றிலிருந்து 607002 வரை, இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் இத்தனை. இப்படிப்பட்டவற்றைச் சார்பகா எண்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இரண்டு நாட்களில் இருக்கிற வினாடிகளும் 172800 தான். தற்செயல்தான், ஆனால் எனக்கு இந்த எண் மறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கூட்டிப் பெருக்கும், கழித்துப் பெருக்கும் குறுக்குவழி எல்லாக் காரணியும் ஒரே முறை வந்தால்தான் நேரடியாகச் செல்லும். உங்கள் எண்ணில் 2 × 2 என்று ஒரே காரணி திரும்ப வந்தால், கூட்டுத்தொகைக்கு (1 + 2 + 4) என்று அடுக்குகளையும் சேர்க்க வேண்டும். சார்பகா எண்ணிக்கைக்கு (2 − 1) × 2 என்று எடுக்க வேண்டும்.

ஒரு வகுத்தல், மூன்று பதில்

இப்போது ஓரத்தில் நிற்கும் இரண்டும். 137 பகா எண்களில் 2, 3, 5, 7, 11, 13, 37 ஏழும் முடிந்துவிட்டன. மிச்சம் 130. இரண்டு எண்களுக்கும் தனித்தனியாக என்றால் 260 வகுத்தல். அது தேவையில்லை. மூன்றும் அடுத்தடுத்த எண்கள். நடு எண்ணை மட்டும் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் நடு எண் போகும். மீதி 1 என்றால் முந்தைய எண் 607001 போகும். மீதி, வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவாக வந்தால் அடுத்த எண் 607003 போகும். 130 வகுத்தலில் இரண்டு விசாரணையும் முடிந்துவிடும். ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தால் ஒரு மணி ஐந்து நிமிடம்.

கால்குலேட்டரில் மீதி தெரியாது, தசமம்தான் தெரியும். அதனால் முழு எண் பகுதியை மட்டும் எடுத்து, வகுத்த எண்ணால் பெருக்கி, கழியுங்கள். உதாரணம்: 607002 ÷ 19 = 31947.47… என்று வரும். 31947 × 19 = 606993. கழித்தால் மீதி 9. நமக்கு வேண்டியது 0, 1, அல்லது 18. எதுவும் இல்லை, அடுத்தது.

நோட்டில் மூன்று பத்தி போதும்: பகா எண், ஈவு, மீதி. நாங்கள் அப்படித்தான் போட்டோம். அவள் கால்குலேட்டரைத் தட்டி மீதியைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 263 வந்தபோது ஒரு சத்தம். "அத்தை, வந்துடுச்சு! 2307.99!" நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். 2307.9924 என்பது 2308 அல்ல. 263 × 2308 = 607004. நம் மூன்றையும் தாண்டி அடுத்த எண்ணில் போய் விழுகிறது. 577-லும் இதே கதை, 1051.9965 என்று காட்டும். 577 × 1052-ம் அதே 607004 தான். அந்த இடத்தில் தசமத்தை முழுமையாக்கி எழுதிவிட்டால் பகா எண்ணைப் பகு எண் என்று முடிவு செய்துவிடுவோம். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித் தொட்டும் தொடாமலும் போகிற இடங்களில்தான். மீதியை முழு எண்ணாகக் கணக்கிடாமல் எந்த வரியையும் முடிக்காதீர்கள்.

541-ல் மீதி 0 வந்தது. அது நடு எண்ணின் காரணி, எதிர்பார்த்ததுதான். பதினேழிலும் அப்படியே. 773-க்கு வந்தபோது மீதி 197. அதோடு பட்டியல் முடிந்தது. 1-ம் வரவில்லை, ஒன்று குறைவாகவும் எங்கும் வரவில்லை.

ஆகவே 607001 பகா எண். 607003-ம் பகா எண். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இரண்டே. இப்படி வருகிற ஜோடிக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். (3, 5), (11, 13), (17, 19) எல்லாம் சிறிய உதாரணங்கள். மஞ்சக்குப்பமும் முதுநகரும் அப்படி ஒரு ஜோடி, நடுவில் 32 வகுத்திகளோடு திருப்பாதிரிப்புலியூர்.

நடு எண் 6-ன் மடங்காக இருப்பது தற்செயல் இல்லை. 3, 5 ஜோடியை விட்டுவிட்டால் எல்லா இரட்டைப் பகா எண்களுக்கும் நடுவில் 6-ன் மடங்குதான் இருக்கும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ஆல் போயே ஆக வேண்டும். ஓரத்தில் இருப்பவை போகாது என்றால் நடுவில் இருப்பதுதான் போக வேண்டும். இரட்டைப்படையும் அதுதான். இரட்டைப் பகா எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பதை இன்று வரை யாரும் நிரூபிக்கவில்லை. 2013-இல் யிடாங் ஜாங் என்ற கணித அறிஞர், ஏழு கோடிக்கும் குறைவான இடைவெளியில் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். அதன் பிறகு பலரும் சேர்ந்து அந்த ஏழு கோடியை 246-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 246-க்கும் 2-க்கும் நடுவில்தான் இன்னமும் நிற்கிறது.

பகா எண்ணுக்கும் ஒரு முகம் உண்டு

பகா எண் என்று தெரிந்ததும் பலர் நோட்டை மூடிவிடுவார்கள். வகுத்திகள் இரண்டு, 1-ம் அதுவும். வேறென்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

எண்ணை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் போதும். 607001-க்கு மீதி 1. 607003-க்கு மீதி 3. மீதி 1 வருகிற பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான். மீதி 3 வந்தால் ஒருபோதும் முடியாது. 1640 டிசம்பர் 25 அன்று சக கணித அறிஞர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இதைச் சொன்னார். நிரூபித்தது நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆய்லர்.

ஆக 607001-க்கு அப்படி ஒரு ஜோடி எங்கோ இருக்கிறது. தேடுவது எப்படி? கண்ணை மூடிக்கொண்டு 1 முதல் 779 வரை முயன்றால் அலுத்துவிடும். கொஞ்சம் வடிகட்டலாம்.

கூட்டல் ஒற்றைப்படை, ஆகவே ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. 607001-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1. எந்த ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். அப்படியானால் இரட்டை எண்ணின் வர்க்கம் 8-ஆல் போக வேண்டும், அதற்கு அந்த எண் 4-ன் மடங்காக இருக்க வேண்டும். அப்புறம் கடைசி இலக்கம். வர்க்கங்கள் 0, 1, 4, 5, 6, 9 இவற்றில்தான் முடியும். கூட்டினால் 1-இல் முடிய வேண்டும் என்றால் 0-ம் 1-ம், அல்லது 5-ம் 6-ம். எப்படி இருந்தாலும் இரண்டில் ஒன்று 5-ன் மடங்கு. இரட்டை எண்தான் 5-ன் மடங்கு என்று வைத்துத் தொடங்கினால், அது 20-ன் மடங்காகிவிடும். இன்னொன்று: 607001-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. வர்க்கத்துக்கு 3-ஆல் மீதி 0 அல்லது 1 தான் வரும். மீதி 2 வர இரண்டுமே 1 தர வேண்டும், ஆகவே இரண்டு எண்ணும் 3-ன் மடங்காக இருக்கக்கூடாது.

இப்போது முயலுங்கள்: 20, 40, 80, 100, 140, 160, 200, 220, 260, 280, 320. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் 607001-இலிருந்து கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 260 போட்டால் மிச்சம் 539401. அது 734-ன் வர்க்கத்துக்கும் 735-ன் வர்க்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. 320 போட்டால் 504601. 710-க்கும் 711-க்கும் நடுவில். பன்னிரண்டாவது முயற்சி 340. அதன் வர்க்கம் 115600. கழித்தால் 491401. வர்க்கமூலம் தட்டினோம். 701. தசமமே இல்லை.

607001 = 701 × 701 + 340 × 340

மஞ்சக்குப்பத்துக்கு வேறெந்த ஜோடியும் கிடையாது, இது ஒன்றுதான். இதிலிருந்து ஒரு செங்கோண முக்கோணமும் கிடைக்கும். 701, 340 இரண்டின் வர்க்கங்களையும் கழித்தால் 375801. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 476680. இந்த இரண்டையும் செங்கோணத்தை அடுத்த பக்கங்களாக வைத்தால் கர்ணத்தின் நீளம் சரியாக 607001. வயலில் 3, 4, 5 போட்டு மூலைமட்டம் பார்ப்பதைப் போல, இது அதே குடும்பத்தின் பெரிய பிள்ளை.

இந்தப் பயிற்சி ஆறு, ஏழு இலக்கம் வரை கையால் சுகமாகப் போகும். பத்து இலக்கம் என்றால் வகுக்க வேண்டிய பகா எண்கள் ஆயிரக்கணக்கில் போய்விடும், கணினி வேண்டும். அதிலும் வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணா என்று சொல்லும் வழிகள் இருக்கின்றன. எந்த எண்ணுக்கும் சந்தேகமில்லாமல், நியாயமான நேரத்துக்குள் பதில் தரும் முறையை 2002-இல் கண்டுபிடித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. கயலும் சக்சேனாவும் அந்தச் சமயம் மாணவர்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு

கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அங்கே தலைமை அஞ்சலகத்துக்கு 605001. கடலூரிலிருந்து 2000 குறைவு. இந்த 2000-ஐ வைத்து ஒன்று சொல்லிவிடலாம்: 605001-க்கும் 607001-க்கும் பொதுக் காரணி இருந்தால் அது 2000-ஐயும் வகுக்க வேண்டும். 2000-இல் இருப்பது 2-ம் 5-ம் மட்டும். இரண்டு பின்கோடும் ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை. ஆகவே இரண்டும் சார்பகா எண்கள்.

605001-ன் இலக்கக் கூட்டல் 12. மூன்றால் போகும். 605001 ÷ 3 = 201667. இதற்கு மேல் உடைகிறதா? 201667-க்கு இலக்கக் கூட்டல் 22, மறுபடியும் 3-ஆல் போகாது. 1001 சோதனைக்கு 667 − 201 = 466; அது 7, 11, 13 எதாலும் போகாது. 17-ஆல் மீதி 13. 19-ஆல் மீதி 1. 29-ஆலும் மீதி 1, 61-ஆலும் மீதி 1. மூன்று இடத்தில் ஒன்றே ஒன்று மிச்சம் வந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முந்தைய எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 201666 = 2 × 3 × 19 × 29 × 61. பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை பேரோடு ஒட்டுகிறார், இவர் யாரோடும் ஒட்டவில்லை.

எல்லை எவ்வளவு என்று பார்த்தால் இங்கே ஒரு விசேஷம். 201667-ன் வர்க்கமூலம் 449.07. 449-ம் பகா எண். ஆகவே கடைசிப் படியையும் விட முடியாது. 448-லேயே நிறுத்துகிறவர்கள் வேலையை முடிக்காதவர்கள். 449 வரை 87 பகா எண்கள். பஸ்ஸில் வரும்போது பாதி, வீட்டில் பாதி என்று அவளே போட்டாள். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசி வரி மட்டும் அடிக்கோடு போட்டிருந்தது: 449 × 449 = 201601, மீதி 66.